கல்வெட்டு அடிக்கிறதுக்கு முன்னமே கேட்டால் என்ன?

கல்வேலி (கொக்குவில்) — திங்கள், இரவு 9.40

அப்பா போய் எட்டு மாதமாகிறது. எழுதலாமா விடுவோமா என்று கனநாள் யோசித்துவிட்டு இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செத்தவீடு முடிந்து நாலாம் நாளே கல்வெட்டு, அதுதான் நினைவு மலர், அடிக்கிற பேச்சுத் தொடங்கிவிட்டது. எங்கள் வழக்கம் தெரியும்தானே, அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர் கையில் ஒரு புத்தகம் கொடுக்காமல் அனுப்புவதில்லை. தேவார திருவாசகம் அச்சகத்தில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கிறார்கள், படம் இருக்கிறது, வம்சாவளியைச் சித்தப்பா போட்டுத் தந்துவிட்டார். வாழ்க்கை வரலாறு என்று நாலு பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்ப மூன்று நாள் போனும் கையுமாகத் திரிந்தேன். அப்பா எந்த ஆண்டு விசுவமடுவுக்கு மிளகாய் செய்யப் போனவர்? கனடாவில் இருக்கும் மாமாவைக் கேட்டேன். முதல் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வாங்கினது எப்போது? பக்கத்து வளவு ஐயாவைக் கேட்டேன். எனக்கு 47 வயது, அதில் முக்கால்வாசி அவரோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன், ஒரே சட்டிச் சொதியை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன், அவரைப் பற்றி நாலு பக்கம் எழுத ஊரைக் கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் "அன்னார் அன்பும் பண்பும் நிறைந்தவர்" என்று எல்லாக் கல்வெட்டிலும் வருகிற வசனத்தைப் போட்டு இடத்தை அடைத்தோம். அது இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

அம்மாவுக்கு 79. நெடுந்தீவில் பிறந்து, கலியாணம் முடித்து இங்கே வந்தவர். அப்பா போன பிறகு விறாந்தையில் அவருடைய சாய்மனைக் கதிரையைப் பார்த்தபடி இருப்பார், கேட்டால் "ஓம்", "வேண்டாம்", அவ்வளவுதான். சாப்பாடு கோழிக்குஞ்சு கொத்துகிற அளவு. இரவில் மூன்று, நாலு தரம் எழும்பி நடப்பார். ஒருநாள் கல்வெட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தவர், "இதில பிழை இருக்கு. அவர் விசுவமடுவுக்கு 71ல போனவர். நீ 73 எண்டு அடிச்சு வைச்சிருக்கிறாய்" என்றார். சரி, வேறு என்ன பிழை என்று கேட்டுப் பக்கத்தில் இருந்தேன். அன்று இரவு பத்தரை வரை கதைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் பின்னேரமும் தேத்தண்ணியோடு இருக்கிறோம். பவளக்கல்லை அடுக்கி வேலி கட்டுவது, மட்டக்குதிரைகள் இரவில் வந்து வேலிக்குப் பக்கத்தில் நிற்பது, கடல் கொந்தளித்தால் கிழமைக் கணக்கில் அரிசி வராமல் குரக்கனும் ஒடியலுமாகச் சமாளித்தது, இதெல்லாம் நான் முதல் தரம் கேட்கிறேன். இப்போது கொஞ்சம் சாப்பிடுகிறார். இரவு நடையும் குறைந்துவிட்டது. ஆனால் கதை 1985 பக்கம் வந்தால் நின்றுவிடுகிறது. குமுதினிப் படகில் பயணிகளைக் கொன்றது எல்லாருக்கும் தெரிந்ததுதான், அம்மாவின் ஆட்களும் அதில் இருந்தார்கள். அந்த இடம் வந்ததும் "தண்ணி கொதிச்சிட்டுது" என்று எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார்.

கேட்க வந்தது இதுதான். இப்படிக் கதை கேட்பது வயதானவருக்கு உண்மையிலேயே நல்லதா, இல்லை, எனக்கு ஆறுதலாக இருப்பதால் அவருக்கும் நல்லது என்று நான் நினைத்துக்கொள்கிறேனா? அந்த 85ஐ நான் கேட்கலாமா, விடலாமா?

---

உப்புக்காற்று (வடமராட்சி கிழக்கு) — திங்கள், இரவு 11.15

கல்வேலி அண்ணை, உங்கள் அம்மா கல்வெட்டில் பிழை பிடித்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

நான் 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் உளவளத்துணையாளராக வேலை செய்தவள், இப்போதும் முதியவர்களோடுதான் அதிகம் இருக்கிறேன். முன்பு வைத்தியர்களே, வயதானவர் பழங்கதை பேசினால் புத்தி தளர்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். பேச்சை மாற்றுங்கள், நிகழ்காலத்துக்குக் கூட்டிவாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 1963இல் ரொபேர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து எழுதினார். முடிவு கிட்ட வருகிறது என்று தெரிந்த மனம் தன் வாழ்க்கையைத் திரும்ப எடுத்துப் பார்ப்பது இயல்பு, அது நோயின் அடையாளம் அல்ல, அந்தக் கணக்கைப் பார்த்து முடிக்க இடம் கொடுக்க வேண்டும் என்றார். அதே கட்டுரையில் இன்னொன்றையும் சொன்னார், அதை எங்கள் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள்: சிலருக்கு அந்தக் கணக்குப் பார்ப்பது குற்ற உணர்விலும் விரக்தியிலும் கொண்டுபோய் விடலாம். உளவியலாளர் எரிக்சன் முதுமையைப் பற்றி எழுதினதும் இந்த இரண்டு கரையைத்தான், ஒரு பக்கம் "இதுதான் என் வாழ்க்கை, சரி" என்ற நிறைவு, மறுபக்கம் விரக்தி.

ஆகவே கதை சொல்வது நல்லதா என்று கேட்பதைவிட, எதற்காக அந்தக் கதைக்குத் திரும்பிப் போகிறார் என்று பார்ப்பது உதவும். வெப்ஸ்டர் என்ற கனடிய உளவியலாளர் 1990களில் இதை எட்டாகப் பிரித்தார். ஆட்களோடு கதைத்திருக்க, நான் யார் என்று எனக்கே விளங்க, முன்பும் இப்படி ஒரு இக்கட்டைத் தாண்டினேன் என்று தைரியம் எடுக்க, இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, சாவுக்கு மனதைப் பழக்க, போனவரைக் கூடவே வைத்திருக்க, பொழுது போகாமல், அப்புறம் பழைய கசப்பைக் கடைந்துகொண்டிருக்க. கடைசி மூன்றிலும் அதிகம் நிற்கிறவர்களுக்கு மனநலம் குறைவாக இருப்பதைப் பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. உங்கள் அம்மா இப்போது "போனவரைக் கூடவே வைத்திருக்க" பேசுகிறார், எட்டு மாதத்தில் அது இயல்பு. ஆனால் அவர் கல்வேலி கட்டுவதைச் சொல்லித் தருகிறார் பாருங்கள், ஒடியலில் சமாளித்ததைச் சொல்கிறார் பாருங்கள், அந்தப் பக்கம் கேள்வியை இழுங்கள். "கல் விழாமல் எப்படி அம்மா அடுக்குவீங்கள்?" என்று கேட்டால் அவர் ஆசிரியை, நீங்கள் மாணவன்.

85ஐக் கேட்காதீர்கள். குசினிக்குப் போனால் போகட்டும். நீங்கள் கதிரையை விட்டு எழும்பாமல் இருங்கள், அவர் திரும்பி வரும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

---

நேர்கோடு (சுன்னாகம்) — செவ்வாய், காலை 6.05

எல்லாரும் கதை கேள் கதை கேள் என்கிறீர்கள். எங்கள் ஊரில் ஒரு வீடு சொல்லுங்கள், கதை கேட்டால் ஏழாவது வசனத்தில் ஒரு சாவு வராத வீடு. ஆறின புண்ணை ஏன் கிளற வேண்டும்? என் பெரியம்மா 88 வயதுவரை கோயில், தோட்டம், பேரப்பிள்ளைகள் என்று நிம்மதியாக இருந்து போனார், யாரும் அவரை இருத்திவைத்து எதையும் கேட்கவில்லை. மறப்பதும் கடவுள் தந்த மருந்து.

---

செவ்வரத்தை (தென்மராட்சி) — செவ்வாய், காலை 7.30

நேர்கோடு அண்ணை சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு.

என் தம்பி 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவன். அப்பாவுக்கு இப்போது 81. சில வருடங்களுக்கு முன்பு ஒரு அமைப்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், பெயர் வேண்டாம். கையில் படிவம், மேசையில் ரெக்கோர்டர். நல்ல பிள்ளைகள்தான், மரியாதையாகத்தான் கேட்டார்கள். கடைசியாகத் தம்பியை எங்கே கண்டது, என்ன உடுப்பு, என்ன சொன்னவன், எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் கேட்டு முடித்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போய்விட்டார்கள். அப்பா மூன்று நாள் படுக்கையை விட்டு எழும்பவில்லை. ஒரு கிழமை கழித்து என்னிடம், "அவை திரும்பி வருவினமோ?" என்று கேட்டார். அவர்கள் வரவில்லை, ஒரு போன்கூட எடுக்கவில்லை. அப்பாவுக்குக் கதை சொன்னது நோகவில்லை, சொல்லிவிட்டுத் தனியே விடப்பட்டதுதான் நொந்தது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

ஏனென்றால் அதே அப்பா, தம்பியைப் பற்றி எங்களோடு ஒவ்வொரு நாளும் பேசுகிறார். மாமரத்தில் ஏறி விழுந்தது, சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டது, சோதனைக்கு முதல் நாள் பட்டம் கட்டினது. அப்போது முகம் வேறு. எங்களுக்கு அவன் காணாமல் போன ஒரு நாள் மட்டும் அல்லவே, அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் இருந்தவன்.

---

உப்புக்காற்று — செவ்வாய், காலை 8.10

செவ்வரத்தை அக்கா, நீங்கள் எழுதினது எங்கள் தொழிலுக்கே பாடம். பெரிய துன்பம் பட்டவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைத்து அனுப்புகிற முறை ஒரு காலத்தில் உலகம் முழுக்க நடந்தது. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அது மனவடுவைத் தடுக்கவில்லை, சிலருக்கு நிலைமை மோசமாகவும் போயிருந்தது. அதனால் இப்போது "கட்டாயப்படுத்திக் கேட்காதே" என்பதுதான் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது.

ஜேர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகக்காரர் உருவாக்கின முறை வேறு மாதிரி. ஒரு கயிற்றை நிலத்தில் வைப்பார்கள், அதுதான் பிறந்ததிலிருந்து இன்றுவரையான வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் ஒரு பூ, கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல். பிறகு பல அமர்வுகளாக அந்தக் கயிற்றின் வழியே மெல்ல நடப்பார்கள், ஒரு கல்லுக்குப் போனால் அதை நடுவழியில் விடாமல் மறுபக்கம் வரை கூட்டிவருவார்கள். சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு இதைச் செய்து, தியானமும் தளர்வுப் பயிற்சியும் கொடுத்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள், 2009இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துக் கதை சொன்ன பிள்ளைகளில் 81 சதவீதம், தியானம் செய்தவர்களில் 71 சதவீதம் தேறியிருந்தார்கள், இரண்டுக்கும் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. அது பிள்ளைகளிடம் செய்தது, எங்கள் ஆச்சிமாருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நேர்கோடு அண்ணையின் பெரியம்மாவுக்குக் கோயிலும் தோட்டமும் போதுமாக இருந்திருக்கலாம் என்பதை அந்த முடிவு மறுக்கவில்லை. எல்லாரும் பேசித்தான் ஆற வேண்டும் என்று இல்லை.

கயிறும் பூவும் கல்லும் வீட்டில் செய்து பார்க்கிற விளையாட்டு இல்லை, பழகினவர் கூட இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் நித்திரை இல்லாமல் போனால், சாப்பாட்டை விட்டால், சாவைப் பற்றியே பேசினால், கதை கேட்பதை நிறுத்திவிட்டு வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

---

ஓய்வூதியன் (மானிப்பாய்) — செவ்வாய், பிற்பகல் 3.20

எனக்கு 76 வயது, ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். நீங்கள் எல்லாரும் எங்களைப் பற்றிக் கதைக்கிறீர்கள், ஆகவே இந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் எழுதுகிறேன்.

போன வருடம் பேரன் பல்கலைக்கழக ஒப்படைக்காக வந்தான். "அம்மப்பா, 95 இடப்பெயர்வைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றான். சொன்னேன். ஒக்டோபர் 30 இரவு, மழை, யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற பாதையில் அடி வைக்க இடமில்லாமல் சனம், ஏறத்தாழ 5 லட்சம் பேர் என்று பிறகு எழுதினார்கள், அன்றைக்கு எனக்கு முன்னால் போனவரின் முதுகுதான் தெரிந்தது. சைக்கிள் கரியரில் அம்மாவை இருத்தி உருட்டிக்கொண்டு போனேன். பேரன் எழுதிக்கொண்டான், நன்றி சொன்னான், போய்விட்டான். நல்ல பெடியன், அவனில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் எனக்கு அது ஒரு இரவு. நான் 27 ஆயிரத்துக்கு மேற்பட்ட இரவுகள் வாழ்ந்திருக்கிறேன். அட்டனில் முதல் நியமனம் கிடைத்துக் குளிரில் நடுங்கிக்கொண்டு கரும்பலகையில் எழுதியதை யாரும் கேட்பதில்லை. யாழ்தேவியில் லீவுக்கு வரும்போது, பளை தாண்டிப் பனை தெரிந்ததும் வயிற்றுக்குள் ஒன்று குதிக்குமே, அதையும் யாரும் கேட்பதில்லை. வெலிங்டன் தியேட்டரில் இரண்டாம் காட்சி பார்த்துவிட்டு டைனமோ வெளிச்சத்தில் மானிப்பாய்க்கு ஓடி வந்தது, அப்போது இன்னும் என் வாழ்க்கைக்குள் வராத மனைவியைப் பற்றி அந்தப் பாதை முழுக்க யோசித்தது, இவையெல்லாம் என் வாழ்க்கை இல்லையா? எங்களைப் போரின் சாட்சிகளாக மட்டும் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. அந்த இரவு என் பைக்குள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் புள்ளிப் புத்தகம் இருந்தது. உடுப்பை விட்டுவிட்டு அதை ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பேரன் "வேறு என்ன எடுத்துக்கொண்டு போனீங்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் அதைச் சொல்லியிருப்பேன், சொல்லும்போது எனக்கே ஏதாவது பிடிபட்டிருக்கலாம். கேள்வி கேட்கிறவரால் எங்களுக்குக் கிடைப்பது அதுதான். தனியே இருந்து நினைத்தால் நினைவு பழைய தடத்திலேயே ஓடும். ஒருவர் குறுக்கே கேட்டால்தான் புதுப் பாதையில் இறங்கும்.

"இந்தக் கதை முன்னமே சொல்லீட்டீங்கள் அப்பா" என்று சொல்லாதீர்கள். எங்களுக்கும் தெரியும் சொன்னது. அந்தக் கதையில் இன்னும் ஏதோ சொல்லி முடியவில்லை, அதனால்தான் திரும்ப வருகிறது. ஆண்டு பிழை, ஆளின் பெயர் பிழை என்று நடுவில் வெட்டாதீர்கள். அப்புறம், சிலதை நாங்கள் சொல்லவே மாட்டோம். அதை மறதி என்று நினைக்க வேண்டாம். கல்வேலி தம்பி, உங்கள் அம்மா குசினிக்குப் போவது அவருடைய உரிமை.

---

பனிக்குள்பனை (ரொறன்ரோ) — செவ்வாய், இரவு 11.50 (உங்கள் நேரம்)

சேர், உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன்.

அம்மா உரும்பிராயில் தனிய. ஒவ்வொரு நாளும் வைபரில் எடுக்கிறேன். சாப்பிட்டீங்களா, குளிசை போட்டீங்களா, பிரஷர் பார்த்தீங்களா, கேற்றைப் பூட்டினீங்களா. ஆறு நிமிடம். பதினேழு வருடமாக இந்த ஆறு நிமிடம். நான் அவரோடு கதைக்கிறேன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன், உண்மையில் நான் அவரைச் சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போனில் எப்படிக் கேட்பது? "உங்கள் கதையைச் சொல்லுங்கோ" என்றால் அம்மா "எனக்கென்ன கதை, உன்ர அலுவலைப் பார்" என்பார்.

---

ஓய்வூதியன் — புதன், காலை 5.30

பிள்ளை, கதையைக் கேளாதீங்கோ, பொருளைக் கேளுங்கோ. பழைய வீட்டுப் படலைக்குப் பக்கத்தில் என்ன மரம் நின்றது? கிணற்றில் துலாவா கப்பியா? அடுப்படியில் முதல் அலுமினியச் சட்டி எப்போது வந்தது? வெங்காயம் நல்ல விலை போன 70களில் உரும்பிராய் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கோ, அவருக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

---

ஒடியற்கூழ் (அரியாலை) — புதன், காலை 9.00

இங்கே யாரும் மறதி நோயைப் பற்றி எழுதவில்லை. என் மாமிக்கு (கணவரின் அம்மா) டிமென்சியா, ஐந்தாவது வருடம். காலையில் சாப்பிட்டது நினைவில்லை, என் பெயர் சில நாள் இருக்கும், சில நாள் இராது. நாற்பது தாண்டினவர்களிடம் கேட்டால் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்ததுதான் அதிகம் நினைவுக்கு வருமாம், மாமியிடம் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது. ஆனால் கேள்வி கேட்டால் திணறுகிறார், பதில் வராவிட்டால் அவருக்கே பயம் வருகிறது. அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். சுளகைக் கையில் கொடுத்தேன். அரிசியைப் போட்டதும் கை தானாகப் புடைக்கத் தொடங்கியது, ஒரு மணிகூடக் கீழே விழவில்லை, பிறகு வாய் திறந்தது: "எங்கட ஆச்சி சொல்லுவா, பதர் காத்துக்குப் போகோணும், அரிசி கைக்கு வரோணும்." அன்று முழுக்க முகம் தெளிந்திருந்தது. அடுத்த நாள் சுளகைத் தூக்கி எறிந்தார். அப்படியும் நடக்கும்.

2018இல் டிமென்சியாவுக்கான நினைவுகூரல் முறைகளைப் பற்றி 22 ஆய்வுகளைச் சேர்த்துக் கொக்ரேன் மீளாய்வு வந்தது. பலன் உண்டு, ஆனால் சிறியது, முறைக்கு முறை வேறுபடுகிறது என்றுதான் முடித்தார்கள். அதற்கு முன்பு, 2012இல், பிரித்தானியாவில் குடும்பத்தவரையும் சேர்த்து இருத்திச் செய்த பெரிய ஆய்வில் பராமரிக்கிறவர்களுக்குப் பதற்றம் கூடியிருந்தது. அதைப் படித்தபோது யாரோ என்னைக் கண்டுவிட்டது போல இருந்தது. பார்த்துக்கொள்கிறவளுக்கும் களைக்கும். நல்ல நாளில் மட்டும் சுளகை எடுங்கள்.

---

ஒழுங்கைவீடு (புத்தளம்) — புதன், இரவு 8.45

நாங்கள் 90 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டவர்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. உம்மா இங்கே புத்தளத்தில் 30 வருடத்துக்கு மேலாக இருந்தும் "ஊருக்கு" என்றால் யாழ்ப்பாணத்தைத்தான் சொல்வார்.

ஒரு நோன்பு காலத்தில் உம்மாவிடம் ஒழுங்கையைப் படமாகக் கீறித் தரச் சொன்னேன். கொப்பியில் கீறினார். யார் வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல், எந்த வீட்டு மாதுளை மதிலுக்கு வெளியே தொங்கும், பள்ளிவாசலுக்குப் போகிற குறுக்குப் பாதை, பெருநாளைக்கு வட்டிலப்பம் எந்தெந்தத் தமிழ் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது, எல்லாம். இப்போது அந்தக் கொப்பியைப் பிள்ளைகள் எடுத்தால் உம்மா பக்கத்தில் வந்து இருந்துவிடுவார். வெளியேறின நாளைப் பற்றி அவர் சொல்வது ஒரே வசனம்தான். ஒழுங்கையைப் பற்றி ஒரு கொப்பி.

---

நேர்கோடு — புதன், இரவு 10.20

ஒழுங்கைவீடு, உங்கள் உம்மாவின் வட்டிலப்பம் வந்த வீடுகளில் எங்கள் சித்தி வீடும் ஒன்றாக இருந்திருக்கலாம். பெரிய கடைத்தெருப் பக்கம் இருந்தார்.

நான் புண்ணைக் கிளறாதே என்றுதான் எழுதினேன், அதில் இன்னும் நிற்கிறேன். ஆனால் கதை என்றால் புண் மட்டும்தான் என்று நானே முடிவுகட்டி வைத்திருந்திருக்கிறேன். பெரியம்மாவிடம் கோயிலைப் பற்றிக்கூட நான் எதுவும் கேட்டதில்லை. அதை இப்போது சொல்லி என்ன.

---

உப்புக்காற்று — வியாழன், இரவு 7.15

கல்வெட்டு என்ற சொல்லில் தொடங்கின இழை இது, அதனால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. கனடாவில் ஹார்வி சொச்சினோவ் என்ற மருத்துவர் கடைசிக் கட்ட நோயாளிகளிடம் சில கேள்விகள் கேட்பார். வாழ்க்கையில் எந்தப் பகுதி உங்களுக்கு முக்கியம், எப்போது மிகவும் உயிர்ப்போடு இருந்தீர்கள், பிள்ளைகள் உங்களைப் பற்றி என்ன அறிந்திருக்க வேண்டும் என்று. பதில்களை எழுத்தாக்கி, அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்தி, அவர் கையிலேயே கொடுப்பார்கள், அவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம். 2011இல் 326 நோயாளிகளோடு செய்த ஆய்வில் மனத்துயர் அளவில் மற்றவர்களைவிடத் தெளிவான குறைவு இல்லை. ஆனால் அது தமக்கு உதவியது, மதிப்போடு இருப்பதாக உணர்ந்தோம், குடும்பம் எங்களைப் பார்க்கிற விதம் மாறியது என்று கூடுதலானோர் சொன்னார்கள். அது எங்கள் கல்வெட்டுத்தான் அண்ணை, ஒரே வித்தியாசம், ஆள் இருக்கும்போதே, அவரே பிழை திருத்துகிறார்.

எழுதுகிறவர்களுக்கு: நூலகம் இணையத்தளத்தில் 2005 முதல் எங்கள் புத்தகங்களோடு நினைவு மலர்களையும் சேர்த்து வருகிறார்கள், வாய்மொழி வரலாறுகளும் இருக்கின்றன. ஆனால் பெற்றோரின் ஒலிப்பதிவை எங்கும் கொடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். வீட்டுக்குள் சொன்னது வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லியிருக்கலாம்.

---

பனிக்குள்பனை — வெள்ளி, காலை 7.40 (உங்கள் நேரம்)

கிணற்றைக் கேட்டேன் சேர். துலாவா கப்பியா என்று. ஒரு மணி நாற்பது நிமிடம். துலா மிதிக்க அம்மப்பாவோடு விடிய நாலு மணிக்குப் போனவராம், பெண்பிள்ளை துலா மிதிக்கிறது என்று ஊர் பேசியதாம், அம்மப்பா "ஊர் வந்து தண்ணி இறைக்குமோ" என்றாராம். என் அம்மா துலாவில் ஏறி நடந்தவர்! எனக்கு 44 வயதில் தெரிகிறது.

இன்று காலை, பதினேழு வருடத்தில் முதல் தரம், அம்மா தானாக எடுத்தார். பயந்துபோய்த் தூக்கினேன். "நேற்று ஒண்டு சொல்ல மறந்திட்டன்" என்றார்.

---

கல்வேலி — ஞாயிறு, இரவு 10.05

எல்லாருடைய பதிவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். துலா மிதித்த இடத்தில் சிரித்தார். புள்ளிப் புத்தகத்தில், "அந்தப் பிள்ளையள் எங்கையெண்டு கேட்டுப் பார்" என்றார். சேர், கேட்கச் சொல்லியிருக்கிறார், கேட்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் கல்லடுக்குவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய கல்லை அடியில் போட்டு, சந்துக்குச் சின்னக்கல் தேடித் தேடி வைக்க வேண்டும், சாந்து கிடையாது, கல்லே கல்லைப் பிடிக்க வேண்டும். அந்த வேலியைக் கட்டினது அம்மாவின் அண்ணர். சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். தண்ணி கொதிக்கவில்லை, எழும்பவும் இல்லை. "அந்தப் போனை நிப்பாட்டு" என்றார். நிறுத்தி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். பிறகு சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். சொல்லி முடித்து அழுதார், நானும் அழுதேன், பிறகு இடியப்பம் இருக்கிறதா என்று கேட்டு நாலு சாப்பிட்டார். இரவு நித்திரை கொண்டாரா என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்தேன், கொண்டார். இன்றைக்கு முழுக்கக் கொஞ்சம் களைப்பாக இருந்தார், உப்புக்காற்றுத் தங்கச்சி சொன்னபடி கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று பின்னேரம் அவராகவே, "அந்த வேலி இன்னும் நிக்குதோ தெரியேல்ல" என்றார். 85க்குப் பிறகு அம்மா நெடுந்தீவுக்குப் போனதே இல்லை.

---

ஓய்வூதியன் — ஞாயிறு, இரவு 10.30

கூட்டிக்கொண்டு போறதெண்டால் பங்குனி கழியமுதல் போங்கோ தம்பி. சோளகக் காற்றுத் தொடங்கினால் கடல் எழும்பும், அந்த வயதுக்குத் தாங்காது. படகில் ஏற அவருக்கு விருப்பமோ எண்டு முதல் கேளுங்கோ.

---

கல்வேலி — ஞாயிறு, இரவு 10.42

கேட்டேன் சேர். குறிகட்டுவான் வரைக்கும் வாறன், துறையில நிண்டு பாத்திட்டுச் சொல்லுறன் என்கிறார். வாற சனிக்கிழமை போகிறோம்.